சம்பந்தி வீட்டாரைச் சுடுவது எப்படி

என் அக்காள் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் இருப்பதாக அவருக்குத் தோன்றும். மொரப்பூர் ஸ்டேஷனில் சரக்கு வண்டி வந்து நின்றால் நான் பெட்டிகளை எண்ணுவேன். நான் அங்கே தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், அது என் வேலை. மாமாவோ அந்த வண்டியின் கார்டுக்கு வாணியம்பாடியில் ஒரு தங்கை இருப்பதையும், அவளை மாமியார்க்காரி படுத்துகிற பாட்டையும் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அந்தக் கார்டை அதற்கு முன் அவர் பார்த்தது கூட இருக்காது.

எனக்குக் கதை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னல் சிவப்பென்றால் வண்டி நிற்க வேண்டும், பச்சையென்றால் போக வேண்டும். சிவப்புக்கு மனசில் என்ன வருத்தம் என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் சேலம் போக வேண்டியவன் போய்ச் சேர மாட்டான்.

மாமா ஒரு காலத்தில் எங்கள் ஊரில் பெரிய ஆள். தவக்காலத்தின் கடைசி வாரத்தில் ஆண்டவருடைய பாடுகளை ஊரே கூடி பாஸ்கு நாடகமாக நடிக்கும். அதில் பத்து வருஷம் மைக் பிடித்துக் காட்சி சொன்னவர் அவர்தான். ஒன்பது வருஷம் ஒழுங்காகப் போயிற்று. பத்தாவது வருஷம், கல்லறைக்குக் காவல் நிற்கிற படைவீரன் மேல் மாமாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. அந்த வீரனுக்கு மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு வரன் அமையவில்லை, ராத்திரி டூட்டிக்குப் படி கூடக் கிடையாது என்று தொடங்கினார். நிறுத்தவில்லை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வீரன் வேஷம் போட்டிருந்தவனே ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பினான். கல்லறைக்குள் ஆண்டவர் வேஷம் போட்டவர் குந்திக் குந்திக் கால் மரத்துப்போய், "நான் வெளிய வரலாமா?" என்று இரண்டு தடவை குரல் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் அவர் உயிர்த்து வெளியே வந்தபோது நிஜமாகவே பொழுது விடிந்திருந்தது. அவர் மேல் அடிக்க வாடகைக்கு எடுத்திருந்த விளக்கு எரிகிறதா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை. கோவிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சவுரியப்பன் மறுநாளே மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாமா பாதி ஆளாகிவிட்டார். வாய் ஓயாத மனுஷனுக்குக் கேட்க ஆள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கேலி செய்தாலும் எனக்கு அப்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. என் அக்காள் மதலேனம்மாள் ஸ்டேஷன் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருந்தாள். மாமா அதில் தண்ணீர் எடுத்து ஊற்றுவார், விறகு பிளப்பார், சாப்பிட்ட இலையை எடுப்பார். அக்காள் பேச்சு குறைவு. "இந்தா", "போதுமா", "சட்னி தீந்துபோச்சு" என்பதற்கு மேல் ஒரு நாளைக்கு அவள் வாயிலிருந்து எதுவும் வருவது அபூர்வம். இட்லிக் குண்டானின் ஆவிக்குள் நின்றுகொண்டிருப்பாள். முகமே பாதி நேரம் தெரியாது.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரை மாசத்தில் சேலத்திலிருந்து வையாபுரி என்பவர் லாரியில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பீரோ உயரம் இருக்கும். முன்பக்கம் டிவி, அதற்குக் கீழே ஒரு குச்சி, ஒரு சிவப்பு பட்டன், எட்டணா போட ஓர் ஓட்டை. வீடியோ கேமாம். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் நேரம் போகாமல் கொட்டாவி விடுகிற இடமாகப் பார்த்து வைக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. அக்காளிடம் கடையின் மூலையைக் கேட்டார். அக்காள் மாவு டிரம்மை நகர்த்தி இடம் விட்டாள்.

ஆட்டம் ரொம்ப சுலபம். திரையின் அடியில் ஒரு சின்ன பீரங்கி. மேலே ஐந்து வரிசையாகப் பூச்சிகள். அவை இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். தரையைத் தொடுவதற்குள் அத்தனையையும் சுட்டுவிட வேண்டும். அவை திருப்பிச் சுட்டால் ஒளிந்துகொள்ள நாலு குட்டிச் சுவர்கள் உண்டு. எப்போதாவது உச்சியில் ஒரு சிவப்புத் தட்டு விர்ரென்று குறுக்கே ஓடும், அதைச் சுட்டால் கூடுதல் பாயிண்ட். பீரங்கிக்கு மூன்று உயிர். அவ்வளவுதான். எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. யார், எந்த ஊர், என்ன உறவு என்று ஒரு கேள்வி கிடையாது. டப், டப், டப். டூட்டி முடிந்து வந்து பத்து நிமிஷம் சுட்டுவிட்டுப் போனால் மனசு கழுவிவிட்ட தட்டு மாதிரி இருக்கும்.

ஆனால் முதல் வாரம் என்னைத் தவிர ஒருவரும் காசு போடவில்லை. பெட்டியைச் சுற்றி நின்று பார்ப்பார்கள், போய்விடுவார்கள். வாரம் இரண்டு தடவை சேலத்துக்குக் கத்தரிக்காய் மூட்டை கொண்டுபோகிற பச்சியப்பன் என்கிற விவசாயி ஒருநாள் துணிந்து எட்டணாவைக் கையில் எடுத்தார். போடுவதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"கீழ இருக்கறவன் யாருங்க?"

"யாருமில்லீங்க. அது பீரங்கி."

"மேல வர்றது?"

"பூச்சி."

"பூச்சி இவனை என்னா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா சுடணும். அதான் ஆட்டம்."

பச்சியப்பன் எட்டணாவை மறுபடியும் இடுப்பு வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "ஒண்ணும் பண்ணாத ஜீவனைச் சுடறதுக்கு நான் எதுக்குங்க காசு குடுக்கணும்?"

பக்கத்து பெஞ்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். கையிலிருந்த இலையைக் கீழே போட்டார்.

"அது பூச்சி இல்லீங்க," என்றார். "பங்காளிங்க."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கீழே இருப்பவன் பெயர் சென்னப்பன். அவனிடம் ஒரு கிணறு இருக்கிறது, வற்றாத கிணறு. மேட்டுக் காட்டில் இருக்கிற பங்காளிகள் அதில் பங்கு கேட்டு இறங்கி வருகிறார்கள். பாட்டன் காலத்துப் பத்திரம் சென்னப்பன் பக்கம். பேசிப் பார்த்தான், கேட்கவில்லை. பச்சியப்பனுக்குச் சொந்தத்திலேயே ஒரு கிணற்றுத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. மாமா முடிப்பதற்குள் அவர் காசைப் போட்டுவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டார். "தண்ணி வேணுமாடா உனக்கு? இந்தா குடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அன்றைக்கு சேலம் வண்டி போய்விட்டது. கத்தரிக்காய் மூட்டை அங்கேயே கிடந்தது.

மறுவாரமே உபதேசியார் சவுரியப்பன் விசாரிக்க வந்தார். மாமா எங்கே கூட்டம் சேர்த்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். பீரங்கி வெடித்து மறுபடியும் முளைத்ததும் கையை உயர்த்தினார்.

"ஸ்தனிஸ்லாஸ், ஆண்டவரே ஒரே ஒரு தடவைதான் உயிர்த்தாரு. இந்த சென்னப்பன் மூணு தடவை எந்திரிக்கறானே, இது எந்த வேதத்துல இருக்குது?"

மாமா கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. "மூணு தடவை இல்லீங்க உபதேசியாரே, மூணு பேரு. அண்ணன் தம்பிங்க. பெரியவன் சென்னப்பன். அவன் விழுந்தா நடு ஆளு ஆண்டி வருவான். அவனும் போனா கடைசித் தம்பி."

"கடைசித் தம்பி பேரு?"

"அவன் முகத்தைப் பாக்கறதுக்குள்ள எல்லாருக்கும் ஆட்டம் முடிஞ்சு போவுதுங்க. பேர் வைக்கல."

உபதேசியாருக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டத்துக்கோ இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முன்பெல்லாம் பீரங்கி வெடித்தால் ச்சே என்பார்கள். இப்போது பெரியவன் விழுந்தான் என்று மரியாதைக்கு ஒரு நிமிஷம் தலைத்துண்டை எடுத்துவிட்டு, அண்ணனுக்காகப் பழிவாங்க ஆண்டியை இறக்கினார்கள். பூச்சிகள் குறையக் குறைய மீதிப் பூச்சிகள் வேகமாக ஓடும் இல்லையா, அதற்கும் மாமாவிடம் காரணம் இருந்தது. பங்குக்கு ஆள் குறையக் குறைய இருக்கிறவனுக்கு ஆசை கூடுகிறதாம். மேலே ஓடும் சிவப்புத் தட்டு நிலம் அளக்கிற சர்வேயர் வந்த ஜீப். எந்தப் பக்கம் காசு வாங்கினான் என்பது இன்னும் தெரியவில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் சுடலாம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒன்றரை மாசம் பெட்டிக்கு ஓய்வே இல்லை. ஸ்டேஷனில் கொய்யாப்பழம் விற்கிற செல்லி கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று பங்காளிகளை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். காசு போட்டவர்கள் அந்த ஏச்சைக் கேட்கவே இன்னொரு தடவை போட்டார்கள். கதை பிடிக்காத நானே ஒப்புக்கொள்கிறேன், அந்த அளவுக்கு இருந்தவரை அது ஆட்டத்துக்கு உப்புப் போட்ட மாதிரி இருந்தது. அதோடு மாமா நிறுத்தியிருக்கலாம். ஆனால் உப்பு டப்பாவை அவர் கையில் கொடுத்தவர்கள் யாரும் திரும்ப வாங்கியதில்லை.

ஆனி மாசம் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். ஆடி மாசம் அவற்றுக்குப் பெண்டாட்டிகள் வந்தார்கள். இரண்டாவது வரிசை மூன்றாவது பூச்சிக்கு நெஞ்சுவலி. நாலாவது பூச்சி நல்லவன், குடும்பத்துக்காகக் கூட வருகிறான், கிணற்றில் அவனுக்கு ஆசையே இல்லை. நான் குச்சியைப் பிடித்தால் காதோரம் வந்து நின்றுகொள்வார். "மச்சான், அவனை வுட்டுடு. அவன் சம்சாரம் வாயில்லாப் பூச்சி."

"எல்லாமே பூச்சிதான் மாமா!"

"உனக்குப் பாறாங்கல்லு நெஞ்சு."

என் குறி தவறிப்போகும். ஆயிரத்து எண்ணூறு பாயிண்ட் எடுத்துக்கொண்டிருந்தவன் நானூறுக்கு வந்தேன். தினமும் பத்து நிமிஷம் நிம்மதியாக இருந்த ஒரே இடத்தையும் இந்த மனுஷன் துக்க வீடாக மாற்றிவிட்டாரே என்று எனக்கு வயிறெரிந்தது.

ஆவணியில் அவர் செய்ததுதான் பெரிய தப்பு. சென்னப்பனின் மகள் சின்னம்மாளை மேலே கட்டிக்கொடுத்துவிட்டார்.

அவர் அதைச் சொன்ன மாத்திரத்தில் பச்சியப்பன் எழுந்தார். "இருங்க, இருங்க. பங்காளிக்குள்ள எப்படிங்க பொண்ணு குடுப்பாங்க? அண்ணன் தங்கச்சி முறை ஆகிடாதா?"

கூட்டம் முழுக்க மாமாவைப் பார்த்தது. மாமா சிக்கிவிட்டார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"மேல இருக்கற மூணு வரிசைதாங்க பங்காளிங்க. கீழ் ரெண்டு வரிசை அவங்களுக்குத் துணைக்கு வந்த மாமன் மச்சான் முறைக்காரங்க. அங்கதான் குடுத்திருக்குது. அதோ, அடி வரிசைல வலதுகைப் பக்கம் கடைசியா நிக்குது பாருங்க, அதான் சின்னம்மா."

முறை சரியாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. பச்சியப்பன் காசு போட்டு, குச்சியைப் பிடித்து, பட்டன் மேல் விரலை வைத்தார். அப்படியே நின்றார். மேலே இருக்கிற பங்காளியைச் சுட வேண்டுமென்றால் குண்டு கீழ் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். கீழ் வரிசையில் நிற்பது சம்பந்தி வீட்டார்.

"இது என்னாங்க அநியாயம்," என்று விரலை எடுத்துக்கொண்டார். "பொண்ணு குடுத்த வூட்டு ஆளுங்களை எப்படிங்க சுடறது? நாளைக்கி அந்தப் புள்ள அங்க எப்படிப் பொழைக்கும்?"

அவர் கண் முன்னாலேயே பூச்சிகள் இறங்கி வந்து பெரியவன், நடு ஆள், பெயரில்லாத தம்பி மூன்று பேரையும் தீர்த்துக் கட்டின. பச்சியப்பன் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மொரப்பூரில் அந்த ஆட்டத்தை ஆட ஆள் கிடையாது. சுடுகிறவன் சம்பந்தி வீட்டு ரத்தத்தைச் சிந்தியவன் ஆகிவிடுவான். கல்யாணம் நடந்துபோன பிறகு சண்டையே கூடாது என்று ஒரு கட்சி, கிணற்றை விடக்கூடாது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் காசு போடவில்லை.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. யாரும் காசு போடாவிட்டால் அது தானாகவே கொஞ்ச நேரம் ஆடிக் காட்டும், ஆட்களை இழுப்பதற்காக. மாமாவுக்கு அது போதுமாயிருந்தது. சாயங்காலப் பாசஞ்சருக்கு முன்னால் முப்பது பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெட்டி தானாக ஆடும், மாமா பக்கத்தில் நின்று கதை சொல்லுவார். ஓசியில் ஆகிற காரியத்துக்கு யார் எட்டணா போடுவார்கள்? சின்னம்மாள் முழுகாமல் இருக்கிறாள் என்று அவர் சொன்ன அன்றைக்கு செல்லி எல்லோருக்கும் ஆளுக்கொரு கொய்யாத் துண்டு கொடுத்தாள்.

புரட்டாசியில் வையாபுரி வழக்கம்போல வந்து காசுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சிலந்தி இருந்தது. கெட்டவர் இல்லை அவர், சத்தம் போடவில்லை. "அடுத்த மாசம் வருவேன். இப்படியே இருந்தா பெட்டியை அரூருக்குக் கொண்டுபோயிடுவேங்க," என்று சொல்லிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டுப் போனார்.

மாமா அன்றைக்கு என்னோடு தண்டவாளம் வரைக்கும் நடந்து வந்தார். வழியில் எதையும் பார்த்து எதுவும் சொல்லவில்லை. ஒரு சரக்கு வண்டி கடந்து போயிற்று, கார்டின் தங்கையைப் பற்றிக் கூட ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"பெட்டி போயிட்டா நான் மறுபடியும் இலை எடுக்கறவன்தான் மச்சான்," என்றார். "அந்தப் பெட்டி இருக்கறதுனாலதான் நாலு பேரு என் வாயைப் பாக்கறாங்க. சும்மா நின்னு பேசினா எவன் கேப்பான்?"

"கதையை வாபஸ் வாங்குங்க மாமா. எல்லாம் பூச்சின்னு சொல்லிடுங்க. சனங்க சுடுவாங்க."

வாங்கித்தான் பார்த்தார், பாவம். சின்னம்மாளின் கல்யாணம் முறிந்துவிட்டது, இனி தாராளமாகச் சுடலாம் என்று மறுநாள் அறிவித்தார். செல்லி கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை அறுத்துவிடுகிறவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லி மூன்று நாள் கடைப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் மாமா சின்னம்மாளைப் புருஷனோடு சேர்த்துவைத்துவிட்டார்.

ஐப்பசி பிறந்ததும் வையாபுரி வந்தார். இந்தத் தடவை லாரியோடு. சாயங்கால நேரம். கடைக்குள் முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பெட்டி தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"கூட்டத்துக்குக் கொறைச்சல் இல்ல. ஒருத்தராச்சும் காசு போடக் காணோமே," என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்து நின்றார். வையாபுரிக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து எட்டணாக்கள் சிலவற்றை எடுத்துப் பெட்டி மேல் வைத்தார். "சரி, என் காசுதான். இப்ப, என் கண்ணு முன்னால, ஒருத்தர் ஒரே ஒரு ஆட்டம் ஆடி மேல இருக்கறது பூரா காலி பண்ணட்டும். இந்த ஊருல ஆடத் தெரிஞ்சவங்க இருக்கறாங்கன்னு நான் நம்பிக்கிறேன். பெட்டி இங்கியே இருக்கட்டும்."

எல்லோரும் பச்சியப்பனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து குச்சி வரைக்கும் போனார். குச்சியைத் தொட்டுப் பார்த்தார். "என்னால ஆவாதுங்க. நானே ஆவணிலதான் மவளைக் கட்டிக்குடுத்தேன்," என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். இத்தனை பேரில் கதை பிடிக்காதவன் நான் ஒருவன்தானே. முதல் பூச்சியைச் சுட்டேன். "பாவி!" என்றாள் செல்லி. இரண்டாவதைச் சுட்டேன். "அது ரெண்டு மாட்டை வித்துத் தங்கச்சிக்கு நகை போட்டவன் ஆச்சே," என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். எனக்கு எப்படி அது ஞாபகம் இருந்தது என்று தெரியவில்லை. நானாகவே அடுத்து நெஞ்சுவலிக்காரனைத் தேடி அவனைச் சுடாமல் பீரங்கியை நகர்த்தினேன். இரண்டே நிமிஷத்தில் மூன்று அண்ணன் தம்பிகளையும் இழந்துவிட்டுத் திரும்பினேன். இதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நடந்திருக்கிறது, அது ரயில்வே சம்பந்தப்பட்டது, இங்கே வேண்டாம்.

வையாபுரி லாரி ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது அக்காள் அடுப்பை விட்டு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். ஓர் எட்டணாவை எடுத்து ஓட்டையில் போட்டாள். அவள் அந்தக் குச்சியைத் தொட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பெட்டியில் காசு விழுந்துகொண்டிருந்த மாசங்களில் மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது பெட்டியைத் துடைக்கிறேன் என்று அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தட்டில் இட்லி எடுத்து வைக்கிற வேகத்தில் சுட்டாள். ஒரு குண்டு வீண் கிடையாது. இடது கோடியிலிருந்து வரிசை வரிசையாகக் காலியாயிற்று. கூட்டம் அலறியது. ஒவ்வொரு பூச்சி வெடிக்கும்போதும் அதன் பெயரைச் சொல்லி செல்லி மாரடித்தாள். பச்சியப்பன் கண்ணைப் பொத்திக்கொண்டு, "இப்ப யாரு? இப்ப யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னால், "அய்யோ" என்பார். உடனே, "அடுத்து?" என்பார். மாமா வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று நான் ஒரு போண்டாவை எடுத்து அவர் வாயில் திணித்துக் கையால் மூடிக்கொண்டேன். உள்ளங்கை முழுக்க எண்ணெய். ரோட்டில் போன பஸ் நின்று டிரைவர் இறங்கி வந்தார். யாரும் ஆடாத ஆட்டம் என்று சொல்லப்பட்ட அந்த ஆட்டத்தை அன்றைக்கு மொரப்பூர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வையாபுரியின் முகம் மலர்ந்துவிட்டது. லாரி ஆட்களை இருக்கச் சொல்லிக் கை காட்டினார்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். அடி வரிசை, வலதுகைப் பக்கக் கடைசி. அக்காள் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சுட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தனியாகிவிட்டதால் அது படுவேகமாக ஓடியது. இந்தக் கோடி, அந்தக் கோடி, ஒரு படி கீழே. அக்காள் பீரங்கியைச் சரியாக அதற்கு நேர் கீழே கொண்டுவந்தாள். விரல் பட்டன் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

இன்னும் நாலு படி. மூன்று.

மாமா என் கையைத் தட்டிவிட்டார். போண்டாவைத் துப்பினார். அவர் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன், மறக்க மாட்டேன்.

"அடி மதலேனா!" என்று கத்தினார். "அது யாருமில்ல! எல்லாம் நான் சும்மா கட்டிவுட்டது. சென்னப்பனும் இல்ல, கெணறும் இல்ல. பூச்சிதான் அது. வெறும் பூச்சி. அடி!"

பத்து வருஷம் மைக் பிடித்தபோதும் சரி, அது போன பிறகும் சரி, தான் சொன்னது எதையும் பொய் என்று அந்த மனுஷன் ஒப்புக்கொண்டதே கிடையாது. அக்காள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பொய் சொல்லாதீங்க," என்றாள். "புள்ளத்தாச்சி அது."

பட்டனிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தப் பூச்சி கடைசிப் படியும் இறங்கி, ஓடி வந்து, தரையைத் தொட்டது. ஆட்டம் முடிந்ததென்று பெட்டி ஊளையிட்டது.

"தாய் வூட்டுக்கு வந்து சேந்துட்டா!" என்று கத்தினாள் செல்லி.

கடை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். பஸ் டிரைவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரும் தட்டினார். பச்சியப்பன் கண்ணைத் திறந்து, ஆள் பத்திரமாக வந்துவிட்டாளா என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். வையாபுரி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தோத்ததுக்கு எதுக்குங்க கை தட்டறீங்க?"

அவருக்கு விளக்குவதென்றால் கிணற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யாரும் ஆரம்பிக்கவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு லாரி ஆட்களைக் கூப்பிட்டார். பெட்டியைத் தூக்க நாங்களே கை கொடுத்தோம், கனமான பெட்டி. ஒரு பட்டன். ஒரே ஒரு தடவை அழுத்தியிருந்தால் அது இங்கேயே இருந்திருக்கும் என்று நான் முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்கினேன்.

லாரி கிளம்பியபோது மாமா அதைப் பார்க்கவே இல்லை. அக்காளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மாவு டிரம்மைப் பழைய மூலைக்கே உருட்டி வைத்துவிட்டு, மறுபடியும் அடுப்புக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"நீ கேட்டுக்கிட்டா இருந்த?" என்றார்.

"காது எனக்கும் இருக்குதுங்க," என்று குண்டானின் மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்தது. அதற்குள்ளிருந்து அவள் கேட்டாள்: "சின்னம்மாவுக்குப் பொறக்கறது பொண்ணா, பையனா?"

மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஒரு கேள்வி கேட்டு அவருக்குப் பதில் வராமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார். அக்காள் அவசரப்படுத்தவில்லை. பாசஞ்சர் ஊதிவிட்டது, நான் தண்டவாளத்துக்கு ஓட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை டூட்டி முடிந்ததும் வீட்டுக்குக் கூடப் போகாமல் கடைக்குப் போய் விசாரித்தேன். பெண் குழந்தையாம்.